முதல் ஊசி யாருக்கு

இப்போதெல்லாம் சில தடுப்பு மருந்துப் புட்டிகளின் மேல் ஒரு சின்ன வட்டம் ஒட்டி வருகிறது. வட்டத்தின் நடுவே ஒரு சதுரம். மருந்துக்குச் சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தைவிட வெளிறி இருக்கும் வரை போடலாம். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். போன மாதம் என்னைப் பார்க்க வந்த இரண்டு இளம் நர்சுகள் இதைச் சொல்லிவிட்டுக் கேட்டார்கள்.

"உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படிம்மா சமாளிச்சீங்க? பயமா இருக்காதா?"

"சூடு பட்டா அந்த ஒட்டு சொல்லும். மருந்து உறைஞ்சு போயிருந்தா சொல்லுமா?" என்று கேட்டேன்.

ஒருத்தி யோசித்தாள். "சொல்லாதும்மா. அதுக்குக் குலுக்கிப் பாக்கணும்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க."

"பாக்குறீங்களா?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏம்மா என்று கேட்டார்கள். எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகும் இரண்டு முறை எழுந்து போய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். என் வேலைக் காலம் முழுவதும் நான் இப்படித்தான் இருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நெடுங்காட்டுப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. அப்பாவுக்கு வாய்க்கால் தண்ணீரை நம்பிய நெல் வயல். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் எழுபதுகளின் கடைசியில் துணை நர்சுப் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொதிக்க வை, எண்ணிப் பார், எழுதி வை என்ற மூன்றையும்தான் கற்றுக்கொடுத்தார்கள். நான் நன்றாக எழுதி வைப்பேன். 'முத்தடுப்பு ஊசி மருந்து எக்காரணம் கொண்டும் உறையக் கூடாது' என்று என் நோட்டில் ஒரு வரி இருக்கிறது. சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருக்கிறேன். கக்குவான் இருமல் உட்பட மூன்று நோய்களைத் தடுக்கும் அந்த மருந்து, உறைந்தால் சக்தியை இழந்துவிடும். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் போனது அந்த நோட்டால்தான்.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாகி, தலத்தெருவில் வாடகை வீடு பார்த்து, மலர் பிறந்திருந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பட்டினச்சேரிப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். இதில் வருபவர்களில் பலர் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் மலரையும் தூக்கிக்கொண்டே போவேன். ஒரு இடுப்பில் மலர், மறு தோளில் மருந்து பிளாஸ்க். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எதை முதலில் பிடித்துக்கொள்வது என்று ஒவ்வொரு முறையும் ஒரு நொடி தடுமாறுவேன்.

சுகாதார நிலையத்தில் எனக்கு மேலே இருந்தவர் ரெஜினா சிஸ்டர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. செய்தாயா என்று கேட்க மாட்டார். "காட்டு" என்பார். ஊசி கொதித்ததா, காட்டு. அட்டை எழுதினாயா, காட்டு. ஊசி போடும் நாளில் காலையில் பிளாஸ்க்கைத் திறந்து முதலில் தன் கையை உள்ளே விட்டுப் பார்ப்பார். ஐஸைத் துணியில் சுற்றி மரச் சுத்தியால் தட்டி உடைப்பார். புட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கி, அதைப் பஞ்சில் சுற்றி, பிறகுதான் ஐஸ் மேல் வைப்பார். வாய்விட்டு எண்ணுவார். நானும் எண்ண வேண்டும். எண்ணிக்கை ஒத்துப்போனால்தான் கையெழுத்து.

சேர்ந்த புதிதில் ஒருநாள் ஐஸ் முழுவதும் கரைந்து திரும்பி வந்தேன். சிஸ்டர் பிளாஸ்க்கில் இருந்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"தொட்டுப் பாரு."

தொட்டேன்.

"சூடா இருக்கா, ஜில்லுன்னு இருக்கா?"

"ரெண்டும் இல்ல சிஸ்டர்."

"மருந்துன்னு நெனச்சுத் தண்ணியக் குத்திட்டு வர்றதுக்கா உன்னை அனுப்பினது?"

அந்த டம்ளர் சாயங்காலம் வரை என் மேசை மேல் இருந்தது. எடுத்துப் போடச் சொல்லவும் இல்லை, நான் எடுக்கத் துணியவும் இல்லை. அன்றிலிருந்து எனக்குச் சூட்டின் மேல் அப்படி ஒரு பயம். வெயில் ஏறினால் மலரின் தலையைத் தொட்டுப் பார்க்கும் முன் பிளாஸ்க்கைத் தொட்டுப் பார்ப்பேன்.

அந்த ஊரில் முதல் முறை ஊசி போட உட்கார்ந்தது மீன் ஏலக் கொட்டகையில். பெண்கள் வந்தார்கள், நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிள்ளையை யாரும் நீட்டவில்லை.

"நல்லாருக்குற புள்ளையக் குத்திக் காய்ச்சல் வரவச்சிட்டு நீங்க பஸ் ஏறிடுவீங்க. அப்புறம் நாங்க தொழிலுக்குப் போறதா, புள்ளைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கிறதா?" என்றார் ஒருவர். அவர்தான் அஞ்சலை. மீன் கூடைக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இரண்டு பெண்களுக்குப் பிறகு பிறந்த ஐந்து மாத ஆண் குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. "உங்க புள்ளைக்குப் போட்டாச்சா நர்சம்மா?"

"இல்ல" என்றேன்.

உண்மையாகவே போடவில்லை. மலருக்கு நான்கு மாதம் முடிந்திருந்தது. காய்ச்சல் வருமோ, வலிப்பு வருமோ என்று நானே தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கொட்டகையே சிரித்தது. "பாருங்கடி, தன் புள்ளைக்குப் போடாத மகராசி ஊரு புள்ளைக்குப் போட வந்திருக்கா!"

எனக்கு முகம் எரிந்தது. பம்ப் ஸ்டவ்வில் கொதித்து ஆறிய ஊசி ஒன்றை இடுக்கியால் எடுத்துச் சிரிஞ்சில் பொருத்தினேன். புட்டியைக் குலுக்கி அரை மில்லி எடுத்தேன். மலரின் தொடையைத் துடைத்துப் போட்டேன். அவள் வீறிட்டாள். அஞ்சலை என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் பிள்ளையை என் மடியில் கிடத்தினார். அன்று ஐந்து பேர். அடுத்த மாதத்திலிருந்து அதுவே ஏற்பாடாகிவிட்டது. முதல் ஊசி நர்சம்மா பிள்ளைக்கு, அதற்குப் பிறகுதான் வரிசை. மலரின் அழுகைதான் ஊருக்கு மணியடிப்பது.

அடுத்த மாதம் என்பது சித்திரை வெயில். பஸ் தாமதம். படகுகளும் தாமதமாக வந்ததால் ஏலம் முடியாமல் பெண்கள் வரமாட்டார்கள். பிளாஸ்க்கைத் திறந்தால் ஐஸ் பாதி கரைந்திருந்தது. எனக்கு அந்த டம்ளர் ஞாபகம் வந்தது. வியர்த்துக் கொட்டியது.

"ஐஸுதான வேணும்? அதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிக்கிட்டிருக்கீங்க?" என்று அஞ்சலை மீன் பெட்டியிலிருந்து ஒரு சட்டி நிறைய உடைத்த ஐஸ் கொண்டுவந்தார். கூடவே ஒரு கை கல்லுப்பு. "இதையும் போட்டு விடுங்க. வெயில் காலத்துல மீனுக்கு நாங்க இப்படித்தான் செய்வோம். கல்லாட்டம் நிக்கும்."

கழுவிக் கொட்டினேன். பஞ்சு நனைந்து போயிருந்தது, எடுத்து எறிந்தேன். பையை நேராக ஐஸுக்குள் புதைத்தேன். உப்பையும் போட்டேன். மூடும்போது எனக்கு எவ்வளவு நிம்மதி! இந்த முறை சிஸ்டர் கையை விட்டுப் பார்த்தால் விரல் மரத்துப்போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏலம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அஞ்சலை வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். பதினேழு பேர் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். பிளாஸ்க்கைத் திறந்தேன், புகை எழும்பியது. புட்டியை எடுத்துச் சாய்த்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை. வெள்ளையாக, கட்டியாக நின்றது. உப்பு பட்ட ஐஸின் குளிர் மருந்தையே உறைய வைத்துவிட்டது.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று பல வருடம் என்னையே கேட்டிருக்கிறேன். சிவப்பு அடிக்கோடு ஞாபகம் வந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதிரே பதினேழு பேர். இன்று போங்கள் என்று சொன்னால் இனி வருவார்களா? புட்டிகளை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டினேன். கரைந்தது. கண்ணாடியின் உள்பக்கத்தில் திரிந்த பால் போலத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. ஓங்கிக் குலுக்கினேன். பார்வைக்குப் பழையபடி வெள்ளையாகிவிட்டது. கரைந்துவிட்டதல்லவா, பிறகென்ன என்று சொல்லிக்கொண்டேன். மலருக்கு முதலில் போட்டேன். பிறகு பதினேழு பேருக்கும். என் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. நினைத்தால் எனக்கு இன்றும் பயம் தருவது அதுதான்.

நிலையத்துக்குத் திரும்பியதும் மிச்சமிருந்த புட்டியைச் சிஸ்டரிடம் நீட்டி, "கொஞ்சம் உறைஞ்ச மாதிரி இருந்துச்சு சிஸ்டர்" என்றேன். கொஞ்சம், மாதிரி. அந்த இரண்டு சொற்களையும் பஸ்ஸிலேயே தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன்.

அவர் புட்டியை வாங்கிக்கொண்டார். குளிர்பெட்டியிலிருந்து அதே மருந்தில் நல்ல புட்டி ஒன்றை எடுத்தார். இரண்டையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கினார். ஜன்னல் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "உக்காரு. அரை மணி நேரம்" என்றார். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு மாத அறிக்கையில் கோடு போட ஆரம்பித்தார். நான் மலரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தேன். நல்ல புட்டி கலங்கியே நின்றது. என் புட்டியில் மேலிருந்து தெளிவு இறங்கியது. பத்து நிமிடத்தில் பாதி. இருபதில் அடியில் கனமான ஒரு படிவு, மேலே வெறும் தண்ணீர். அரை மணி ஆகும் வரை சிஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்ததும் பேனாவை மூடினார். "எத்தனை பேருக்குப் போட்ட?"

"மலரோட பதினெட்டு."

"எப்படி உறைஞ்சுது?"

சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி. நீ பாத்துட்ட, நான் பாத்துட்டேன். அதோட போவட்டும். மூணு ஊசி முடிஞ்சப்புறம் நாலாவதா ஒண்ணு போட்டுக்கலாம். சத்து ஊசின்னு சொல்லிக்கலாம்."

"அவங்ககிட்ட சொல்ல வேணாமா சிஸ்டர்?"

"சொல்லு. போன தடவ எத்தன பேர் வந்தாங்க? அஞ்சு. இன்னைக்கிப் பதினேழு. கெட்டுப்போன மருந்தப் போட்டுட்டேன்னு சொல்லிட்டு வா. அப்புறம் அந்த ஊர்ல ஒரு புள்ள உன் கிட்ட வராது. உப்பு குடுத்தது யாருன்னு கேப்பாங்க. அஞ்சலையைத் திட்டித் தீத்துருவாங்க. உன் வேலையும் இன்னும் நிரந்தரம் இல்ல. யோசிச்சுக்க."

அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு அது வசதியாக இருந்தது. பதிவேட்டை எடுத்து எழுதினேன். பெயர், வயது, எத்தனையாவது ஊசி, தேதி. ஒவ்வொரு வரியும் சரி. அந்தப் பக்கம் முழுவதும் பொய். பொய் பேசாமல் வாழ வேண்டும் என்று அப்பா சொல்லி வளர்ந்தவள் நான். அன்று நான் ஒரு பொய்கூடப் பேசவில்லையே என்று எண்ணிப் பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் தெற்கே இரண்டு ஊர் தள்ளிக் கக்குவான் இருமல் என்று சேதி வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மலர் தும்மினால்கூட எழுந்து உட்கார்ந்தேன். நெடுங்காட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஊசி போட்டு முடித்த ஒரு மதியம், நல்ல புட்டியில் மிச்சம் இருந்தது. பெண்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு ஒரு ஊசியைத் தனியாகக் கொதிக்க வைத்தேன். மலருக்கு மறுபடியும் போட்டேன். அவள் அழாமல் இருக்க வாயில் சர்க்கரை வைத்தேன். பதிவேட்டில் எழுதவில்லை. சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. "இப்பதான போன வாரம் போட்ட, அதுக்குள்ள ஏன் காய்ச்சல்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வெயில் என்றேன். அவள் உடம்பு சுட்டதைத் தொட்டுப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். மருந்து வேலை செய்கிறது என்று. அந்தப் பதினேழு பிள்ளைகளின் நினைவு அப்போது எனக்கு வரவில்லை. எழுதவே கூசுகிறது, ஆனால் வரவில்லை.

அதற்குச் சில நாள் கழித்துப் பஸ் நிறுத்தத்தில் அஞ்சலையைப் பார்த்தேன். புதுச் சேலை, தலை நிறையப் பூ. இடுப்பில் பிள்ளை.

"எங்க கிளம்பிட்டீங்க அக்கா?"

"அக்கா ஊட்டுக்கு. இவனுக்கு அங்கதான் காதுகுத்து வச்சிருக்கு." ஊர் பெயரைச் சொன்னார். இருமல் என்று சேதி வந்த அதே ஊர்.

"அங்க கக்குவான் இருமல்னு சொல்றாங்களே அக்கா. தள்ளி வச்சிக்கக் கூடாதா?"

அஞ்சலை சிரித்தார். "உங்க ஊசி ரெண்டு போட்டாச்சே! அப்புறம் எதுக்கு நர்சம்மா அதப் போட்டீங்க?"

"மூணு போட்டாதான் முழுசா..."

"ரெண்டு போட்டதுக்கு ரெண்டு பங்கு காக்காதா? வாயக் கட்டுங்க, நல்ல காரியத்துக்குப் போறேன்."

பஸ் வந்தது. அவர் ஏறி, ஜன்னலில் பிள்ளையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினார். ஒரு வாக்கியம் போதும். இரண்டாவது ஊசி சரியில்லை அக்கா. வாய் வரை வந்தது. சிஸ்டரின் முகம், நிரந்தரமாகாத வேலை, கொட்டகையில் இனி யார் வருவார்கள் என்ற கேள்வி, எல்லாம் சேர்ந்து வந்தன. நானும் சிரித்துக் கையை ஆட்டினேன்.

மூன்றாவது ஊசிக்குப் போன நாளில் அஞ்சலை வரவில்லை. ஸ்டவ்வைப் பற்ற வைத்துக்கொண்டே கேட்டேன்.

"அவ எங்க வர்றது? புள்ளைக்கு இருமல். மூச்சு வாங்க மாட்டேங்குது" என்றார் ஒருவர்.

ஸ்டவ்வை அணைத்தேன். மலரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூன்றாவது வீடு. கூரைக்குள்ளே நுழைவதற்கு முன்பே கேட்டது. விடாமல் பத்துப் பதினைந்து இருமல். பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த நிசப்தத்தில் பிள்ளையின் முகம் நீலம் பாரித்துக்கொண்டே வந்தது. கண் பிதுங்கியது. கடைசியில் குழாயில் காற்று இழுப்பது போல ஒரு சத்தத்தோடு மூச்சு உள்ளே போனது. அஞ்சலை பிள்ளையைக் கவிழ்த்துப் பிடித்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"ரெண்டு ஊசி போட்டும் வந்துடுச்சே நர்சம்மா. காதுகுத்துல நான் என்ன கொறை வச்சேன்னு தெரியல. மொட்டை போட்டுட்டுக் குத்தியிருக்கணுமோ? நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"ரெண்டு ஊசி இல்ல அக்கா. ஒண்ணுதான். அன்னைக்கிப் போட்டது உறைஞ்சு கெட்டுப்போன மருந்து. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவர் விளங்காமல் பார்த்தார். "அந்த உப்பா?"

"உப்பு குடுத்தது நீங்க. தெரிஞ்சு வச்சிருக்க வேண்டியது நான். புட்டி கல்லா இருந்ததப் பாத்துட்டுத்தான் போட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கண் என் இடுப்புக்குப் போனது. "ஐயோ, மலருக்கும் அதத்தானே போட்டீங்க! பாப்பாவ ஏன் இங்க தூக்கிட்டு வந்தீங்க? வெளிய போங்க, ஒட்டிக்கும்! போங்க!" என்று ஒரு கையால் என்னை வாசலுக்குத் தள்ளினார்.

அப்போதாவது போயிருக்கலாம். நான் போகவில்லை.

"மலருக்கு மறுபடி போட்டுட்டேன் அக்கா. நல்ல மருந்து."

தள்ளிய கை அப்படியே நின்றது. "எப்ப?"

"அடுத்த வாரமே."

"நான் பஸ் ஏறுனேனே, அதுக்கு முன்னாடியா?"

"முன்னாடி."

அவர் கையை எடுத்துக்கொண்டார். பிள்ளைக்கு அடுத்த இருமல் வந்தது.

அவரையும் பிள்ளையையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ச் சேர்த்தேன். கொட்டகைக்குத் திரும்பி வந்து, காத்திருந்தவர்களிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். மலருக்குத் திரும்பப் போட்டதையும் சொன்னேன். உப்பை மட்டும் சொல்லவில்லை. ஒருத்தி காறித் துப்பினாள். மற்றவர்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு பேசாமல் எழுந்து போனார்கள். அது துப்பியதைவிட மோசமாக இருந்தது.

நிலையத்து டாக்டர் எழுத்தில் விளக்கம் கேட்டார். ரெஜினா சிஸ்டரின் பெயர் வராமல் எழுதினேன். கொடுப்பதற்கு முன் அவர் கேட்டார். "காட்டு." இரண்டு முறை படித்தார். "குலுக்கிப் பாத்தத ஏன் விட்ட? நான் பாத்தேன், சொல்ல வேணாம்னு சொன்னேன். எழுது." பேனாவை நீட்டும் முன் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவருக்கும் பயம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. எழுதினேன். இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. என் வேலை நிரந்தரமாவது தள்ளிப்போனது. பிறகு ஆனது.

அஞ்சலையின் பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் இருமல் போக மூன்று மாதம் ஆயிற்று. எலும்பும் தோலுமாக இருந்தான்.

நான் எல்லாவற்றையும் சொன்னதற்கு அடுத்த மாதம் அந்த ஊருக்குக் கிளம்பும்போது சிஸ்டர் ஒரே ஒரு புட்டிதான் கொடுத்தார். பத்துப் பேருக்கு ஆகும். "அதுவும் திரும்பித்தான் வரும்" என்றார். கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஏலம் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். வெகுநேரம் கழித்து அஞ்சலை வந்தார். இடுப்பில் பிள்ளை. பின்னால் சில பெண்கள், தள்ளித் தள்ளி.

"கெட்டுப்போன மருந்து எப்படித் தெரியும்?" என்று நின்றபடியே கேட்டார்.

சொன்னேன்.

"குலுக்குங்க. பாக்குறோம்."

குலுக்கி மீன் பெட்டியின் மேல் வைத்தேன். எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். அரை மணி நேரம் புட்டியையே பார்த்தோம். ஒருத்தி மட்டும், "சினிமா பாக்குற மாரி பாக்குறோம்டி" என்றாள், யாரும் சிரிக்கவில்லை. மருந்து கலங்கியே நின்றது.

நான் வழக்கம்போல மலரின் தொடையைத் துடைக்கப் போனேன்.

"இன்னைக்கி மொதல்ல எங்க புள்ளைங்களுக்கு" என்றார் அஞ்சலை. "உங்க புள்ளைக்குக் கடைசியா."

தன் பிள்ளையைக் கிடத்தினார். இருமல் போனதும் போடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவனுக்கு அன்று போடவில்லை, அட்டையில் தேதி மட்டும் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக நீட்டினார்கள். ஆறு, ஏழு. வரிசையில் மிச்சம் இருப்பவர்களை எண்ண ஆரம்பித்தேன். ஒன்பதாவது பிள்ளைக்குப் போடும்போது தூரத்திலிருந்து இன்னொருத்தி பிள்ளையோடு ஓடி வந்தாள். பத்து. புட்டியைக் கவிழ்த்து உறிஞ்சிப் பார்த்தேன். காற்றுதான் வந்தது.

மலருக்கு அன்று ஊசி இல்லை.

மறுநாள் நிலையத்துக்குப் போய் அவளுக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை. அடுத்த மாதம், அதே கொட்டகையில், அதே வரிசையின் கடைசியில்தான் போட்டேன். அது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மலருக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். "உங்க மனசாட்சிக்கு என்னை ஏம்மா ஒரு மாசம் காக்க வச்சீங்க?" என்று கேட்கிறாள். அவள் கேட்பதும் நியாயம்தான். நேர்மையாக இருந்துவிட்டேன் என்று நிம்மதியாக ஒருநாள்கூட நான் தூங்கியதில்லை.

அன்று சாமான்களைக் கட்டியபோது அஞ்சலை போகாமல் நின்றார். தன் பிள்ளையை மூத்த மகளிடம் கொடுத்துவிட்டு, என் இடுப்பிலிருந்து மலரை வாங்கிக்கொண்டார். நான் காலி பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டேன். பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தார்.

"பாப்பாவுக்கு இன்னைக்கி ஊசி இல்லையே, பயமா இருக்கா நர்சம்மா?"

"இருக்கு அக்கா."

"இருக்கட்டும்" என்றார்.

பஸ் வரும் வரை மலரை அவர் கீழே இறக்கவில்லை.